தருமபுரியில் கடைசி நாட்கள்

வியாழன், ஒகேனக்கல்

இன்னும் நான்கு நாள்தான். பதினான்கு வாரப் படிப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கள் விடிவதற்குள் பெங்களூரு விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும்.

முதல் வாரத்திலிருந்து இந்தத் தொடரைப் படித்து வருபவர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பதினொரு பேர். மலேசியாவிலிருந்து ஆறு பேர், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர், யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பேர், மொரிசியஸிலிருந்து ஒரு தம்பி. வீரச்சாவு அடைந்தவர்களுக்காக நட்ட நடுகற்களையும் அவற்றில் உள்ள எழுத்துகளையும் படிக்க வந்திருக்கிறோம். தாள்களில் இதற்குப் பெயர் வெளிநாட்டுப் படிப்பு. ஆனால் டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா "எந்த ஊரு கண்ணு?" என்று கேட்கும்போது வெளிநாடு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பாடம் நடத்தும் ஐயா முதல் நாளே எங்கள் பெயர்களை விட்டுவிட்டு ஊர்ப் பெயரால் அழைக்கத் தொடங்கினார். "நடுகல்லுல செத்தவன் பேரு மட்டும் இருக்காது. எந்த ஊரு, யாருக்குச் சேவகன், எந்த ஊர் மாட்டுக்காகச் செத்தான், எல்லாம் இருக்கும். ஊர் இல்லாம ஆள் இல்ல" என்றார். அன்றிலிருந்து பினாங்கு, கிள்ளான், ஈப்போ என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறோம். நான் தெலுக் இந்தான். மொரிசியஸ் தம்பிக்கு அவன் நாடே பெயராகிவிட்டது.

இன்று பாடம் இல்லை, ஒகேனக்கல் அருவிக்கு வந்தோம். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கன்னடத்தில் ஹொகே என்றால் புகை. புகையும் கல் என்பதுதான் ஒகேனக்கல். பாறையில் மோதி எழும் நீர்த்திவலையைத் தூரத்திலிருந்து பார்த்தபோது பெயர் வைத்தவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது. பரிசலில் நான்கு நான்கு பேராக ஏறினோம். மூங்கில் பிளாச்சில் பின்னிய அந்த வட்டக் கூடை தண்ணீரில் சுழலத் தொடங்கியதும் யாழ்ப்பாணத் தோழி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எங்கள் பரிசல்காரர் எங்களிடம் தமிழில் பேசிக்கொண்டே, எதிரே வந்த பரிசலில் இருந்தவரிடம் கன்னடத்தில் விலை கேட்டார். அக்கரை கர்நாடகம். ஆற்றின் நடுவில் எல்லை எங்கே என்று கேட்டேன். "தண்ணி எங்க நிக்குது, கோடு போட?" என்றார்.

மீன் வறுவல், எண்ணெய்க் குளியல் எல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல நினைப்பது திரும்பும் வழியில் பார்த்த குடிநீர்க் குழாயைப் பற்றி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். சிலருக்கு எலும்பும் வளையும். எங்கள் வீட்டுக்கார ஆயா சிரிக்கும்போது வாயை முந்தானையால் மறைத்துக்கொள்வார். வெட்கம் என்று நினைத்திருந்தேன். ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டது. ஆயாவின் பேத்திக்குப் பல் வெள்ளைவெளேரென்று இருக்கிறது. அருவியைப் பார்க்க வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளி, கிருஷ்ணகிரி

இன்று சீக்கிரமே தூங்க வேண்டும், அதனால் கொஞ்சமாகத்தான் எழுதுவேன்.

ஜூன் மாதக் கிருஷ்ணகிரி முழுக்க மாம்பழ வாசனை. நாங்கள் தோத்தாபுரி என்று புத்தகத்தில் படித்ததை இங்கே பெங்களூரா என்கிறார்கள். மூக்கு நீண்ட பழம். லாரி லாரியாகக் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. சாலையோரத்தில் ஒரு அக்கா செந்தூராவை நறுக்கிக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தார். "ஊருக்குப் போற புள்ளைங்க, தின்னுட்டுப் போங்க."

மல்லசந்திரம் மலையில் கற்திட்டைகள் பார்த்தோம். பலகைக் கல்லை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள். சுற்றிலும் தலை வளைந்த கற்கள் பூவிதழ் மாதிரி நிற்கின்றன. ஒரு பக்கக் கல்லில் மட்டும் வட்டமான துளை. ஊரில் பாண்டவர் வீடு என்கிறார்கள். செத்தவர்களுக்குக் கட்டியதில் எழுத்து ஒன்றுகூட இல்லை. எழுத்தைத் தேடியே பழகிவிட்ட எங்களுக்கு அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுமனே உட்கார்ந்திருந்தோம். நல்ல காற்று.

பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையும் இந்த மாவட்டம்தான். அங்கே கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. (கி.மு.) 2172 என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைக் கேட்ட அன்றுதான் இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் பழைய அலமாரியைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். அந்தத் தாளைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

சனி, தருமபுரி

தேர்வு முடிந்தது. எழுத்துத் தேர்வு இல்லை. அகழ்வைப்பக முற்றத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களில் ஒன்றைக் காட்டி "படி" என்பார் ஐயா. அவ்வளவுதான் தேர்வு.

எனக்கு வந்தது ஒரு வில்வீரன் கல். இடது கையில் வில், உடம்பில் தைத்த அம்புகள், இடுப்பில் குறுவாள், காலடியில் கெண்டி போன்ற ஒரு சிறு கலம். தலைக்குப் பக்கத்தில் வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். வட்டெழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். "பட்டான்" என்பதை "படடான" என்றுதான் வெட்டியிருப்பார்கள். எந்த எழுத்துக்கு உயிர் உண்டு, எதற்கு இல்லை என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். "ப"வும் "வ"வும் என்னைப் பலமுறை ஏமாற்றியிருக்கின்றன. இன்று ஏமாறவில்லை.

தொறு என்றால் மாட்டு மந்தை. பகைவர் மந்தையைக் கவர்ந்து போகும்போது மறித்துச் சண்டையிட்டு இறந்தவனுக்குத்தான் இங்கே பெரும்பாலான கற்கள். புலியோடு சண்டையிட்டு இறந்தவர்களுக்கும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்கும் கல்லில் இடம் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. மாடு மீட்கப் போய் இறந்தவன் பக்கத்திலேயே நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாய். ஆறாவது வாரம் அந்தப் பாடம் நடந்தபோது ஈப்போ அழுதுவிட்டான். அவன் வீட்டில் நாய் வளர்க்கிறார்கள்.

நான் படித்து முடித்ததும் ஐயா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கலம் எதுக்கு?"

பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு சாவு இருப்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அஞ்சி இறந்த பிறகு ஔவை பாடியது புறநானூற்றில் 232ஆம் பாட்டு. காலையும் மாலையும் இனி இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்கிறார். அவனுக்கு நடுகல் நட்டு, மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சிறு கலத்தில் ஊற்றுகிறார்கள். மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார்.

"கள் ஊற்றும் கலம் ஐயா" என்றேன். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. ஐயாவும் வேறு கேட்கவில்லை. அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

எல்லோரும் தேர்ச்சி. கடைசியாக மொரிசியஸ் தம்பி படித்தான். வரும்போது அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். வீட்டில் கிரியோல் மொழி, கோயிலில் மட்டும் தமிழ். முதல் வாரம் தன் நாட்டு ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டி, அதில் தமிழ் எண் இருப்பதைப் பெருமையோடு சொன்னான். ஐயா அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். "எங்க நோட்டுல தமிழ் எழுத்து இருக்கு. எண் இல்லப்பா" என்றார். இன்று அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, ஒரு முழு வரியைப் பிழையில்லாமல் படித்தான். நாங்கள் கை தட்டியதில் காவலாளி அண்ணா வெளியே வந்து பார்த்தார்.

ஞாயிறு, கடைசி நாள்

விடியற்காலை ஐந்து மணிக்கே ஆயா வீட்டில் அடுப்பு எரிந்தது. நான்கு ரோட்டுக்குப் பக்கத்தில் அவருடைய மாடி வீட்டில்தான் பெண்கள் ஐந்து பேரும் தங்கியிருக்கிறோம். தினமும் காலையில் இட்லிதான் பசியாறக் கொடுப்பார். இன்று களி. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் உலையில் கொட்டி, பாத்திரத்தை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு துடுப்பால் கிண்டினார். தட்டில் உருட்டி வைத்து, நடுவில் குழி செய்து கீரைக் கடைசலை ஊற்றினார். மென்று தின்னக் கூடாது, கடைசலில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். பதினான்கு வாரத்தில் இதை நன்றாகவே கற்றுக்கொண்டோம். "மத்தியானம் வரைக்கும் பசிக்காது சாமி. வெயில்ல நிப்பீங்க" என்றார்.

ஆயா என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் என் தோழிகள் எல்லோரும் பாட்டி என்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கொள்ளுப்பாட்டியை ஆயா என்று சொல்வோம். அது எங்கள் குடும்பத்தில் யாரோ வைத்த செல்லப் பெயர் என்றே இருபத்தோரு வயது வரை நினைத்திருந்தேன். வந்து இறங்கிய முதல் நாள், எதிர்வீட்டுச் சின்னப் பையன் "ஆயா, கதவத் தொற" என்று கத்தியபோது பெட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

கடைசி நாளில் ஒரு புதுக் கல்லுக்கு மைப்படி எடுப்பது என்று இரண்டு மாதத்துக்கு முன்பே பேசி வைத்திருந்தோம். ஆடு மேய்க்கும் ஒருவர் ஐயாவிடம் சொன்ன கல். சுற்றிலும் தக்காளி நட்டிருந்ததால் அறுப்பு முடியும் வரை காத்திருந்தோம். ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடுகல்லுக்கு அடியில் புதையல் இருக்கும் என்று நம்பித் தோண்டிப் போடுகிறவர்கள் உண்டு, அதனால் எழுதாதே என்று ஐயா சொல்லியிருக்கிறார்.

மைப்படி எடுப்பது இப்படித்தான். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கனமான மயிர்த் தூரிகையால் தட்டத் தட்ட, தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் பாதி காய்ந்ததும் மை தொட்ட பஞ்சுப் பொதியால் மெதுவாக ஒற்ற வேண்டும். பள்ளத்தில் மை படாது. கறுப்பின் நடுவே எழுத்து வெள்ளையாக நிற்கும். தாள் அதிகம் நனைந்தால் கிழியும், காய்ந்தால் காற்று தூக்கிக்கொண்டு போகும். நான்காவது வாரம் நான் மூன்று தாள் கிழித்தேன். நான்காவது தாளை ஐயாவே நனைத்து என் கையில் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு வேன் போய் நின்றது. புளியமரத்தடியில் கல். பார்த்த உடனே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, இன்று மைப்படி நடக்காது. கல் முழுக்க எண்ணெய். தலைமுறை தலைமுறையாக ஊற்றிய எண்ணெய் கெட்டிப்பட்டு, கறுத்து, மேலே மஞ்சளும் குங்குமமும். கழுத்தில் வாடாத அரளிமாலை. இந்தப் பக்கத்து ஊர்களில் நடுகல்தான் வேடியப்பன். பள்ளிக்கூடப் பையனிலிருந்து பஞ்சாயத்துக்காரர் வரை அந்தப் பெயர் வைத்த ஆட்கள் இருக்கிறார்கள். எண்ணெய்க் கல்லில் ஈரத்தாள் ஒட்டாது. ஒட்ட வேண்டுமென்றால் சுரண்டிக் கழுவ வேண்டும்.

பூசாரித் தாத்தா வந்தார். எண்பது வயது இருக்கும். ஐயா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, எதற்கு வந்தோம் என்று பொறுமையாகச் சொன்னார். தாத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படிச்சிக்கோங்க சாமி. தொட்டுப் பார்த்துக்கோங்க. தேய்க்க மட்டும் வேணாம்" என்றார். "எங்கப்பன் ஊத்துன எண்ணெ இருக்கு இதுல."

ஐயா ஒரு நொடிகூட வாதாடவில்லை. "சரிங்க" என்றார். கிள்ளானுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அவள் இரண்டு மாதமாக இதற்காகத் தாள் சேர்த்து வைத்திருந்தாள். எனக்கும் முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் தாத்தா சொன்னது சரி. அருங்காட்சியகக் கல்லை யாரும் தொட்டுக் கும்பிடுவதில்லை. இந்தக் கல்லை ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் வந்து பார்க்கிறார், எண்ணெய் தேய்த்துவிடுகிறார். எங்கள் தாளுக்காக அதைச் சுரண்டி எடுக்க எங்களுக்கு உரிமை கிடையாது. இதை நான் முழு மனதோடு சொல்கிறேன்.

வெயிலில் கண்ணாடி பிடித்துப் பார்த்தோம். ஒளியைப் பக்கவாட்டில் திருப்பினால் எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும், படித்துவிடலாம். புளியமரம் அடர்ந்திருந்ததால் கண்ணாடிக்கு வெயில் சிக்கவில்லை. எண்ணெய்ப் பளபளப்பில் எல்லாம் ஒரே மினுக்கம். வீரன் தெரிந்தான். வலது கையில் வாள், இடது கையில் கேடயம். அவன் தோளுக்கு மேலே மூன்று வரி இருப்பது விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

"ராத்திரி வரைக்கும் இருக்கலாமா?" என்று ஐயா கேட்டார். எங்களைக் கேட்கவில்லை, தாத்தாவைக் கேட்டார்.

அப்படித்தான் எங்கள் கடைசி நாளின் பகல் முழுதும் ஒரு புளியமரத்தடியில் போயிற்று. நகரில் ஒரு பிரிவு விருந்துக்குச் சொல்லி வைத்திருந்தோம், வேன் அண்ணா அதைத் தொலைபேசியில் ரத்து செய்தார். ஊர்ப் பெண்கள் மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிங்கப்பூர்த் தோழர்கள் சிறுவர்களோடு கிரிக்கெட் ஆடினார்கள். யாழ்ப்பாணத் தோழி ஒரு பாட்டியோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டே வெகு நேரம் பேசினாள். இருவருக்கும் பாதி புரிந்திருக்கும். அவள் "ஓம் ஓம்" என்று சொல்லும்போதெல்லாம், "ஏன் கண்ணு மந்திரம் சொல்ற?" என்று பாட்டி கேட்டார். ஓம் என்றால் அங்கே ஆமாம் என்று அவள் விளக்கினாள். பிறகு பாட்டியும் "ஓம்" என்றே பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.

நான் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேடியப்பன் யார் என்று கேட்டேன். "சண்டைக்குப் போனவரு. திரும்பி வரல." அவருடைய பெயர்? "அதான் வேடியப்பன்." அதற்கு முன்னால் வேறு பெயர் இருந்திருக்குமே தாத்தா என்றேன். யோசித்தார். "இருந்திருக்கும். அவங்க அம்மா வச்சிருப்பா."

ஏழு மணிக்கு மேல் இருட்டியது. தாத்தா விளக்கேற்றி, கல்லின் காலடியில் ஒரு சின்னச் சொம்பில் பால் வைத்தார். சொம்பு வைத்த இடத்துக்குச் சற்று மேலே, எண்ணெய்க் கறுப்புக்குள், புடைப்பாக ஒரு கெண்டி இருந்தது. பகலில் அதை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. இப்போது விளக்கு கீழேயிருந்து எரிந்ததால் தெரிந்தது. ஐயா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அப்புறம் தாத்தாவே விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். கைப்பேசி விளக்கு ஒன்றை மட்டும் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னார் ஐயா. மற்ற எல்லா விளக்கையும் அணைத்தோம். பினாங்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல நகர்த்தினாள். அதுவரை வெறும் எண்ணெய்ப் பரப்பாக இருந்த இடத்தில் நிழல்கள் எழுந்தன. முதலில் ஒரு வளைவு. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று.

முதல் வரி போய்விட்டது. அரசன் பெயரும் ஆண்டும் அங்கேதான் இருந்திருக்கும். கல்லே பொரிந்து உதிர்ந்திருக்கிறது. இரண்டாவது வரியின் நடுவில் ஒரு "தொ" என்றான் ஈப்போ. அதற்கடுத்து "று". தொறு. பதினொரு பேரும் ஒன்றாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதன் பிறகு நான்கைந்து எழுத்து இடத்தில் ஒன்றும் இல்லை. பெயர் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். பினாங்கு விளக்கை மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தினாள். நான் விரலை வைத்துத் தடவினேன். வழவழவென்று எண்ணெய் மட்டும்.

மூன்றாவது வரியை ஐயா மொரிசியஸ் தம்பியிடம் கொடுத்தார். அவன் மண்டியிட்டு, கல்லுக்கு மிக அருகில் முகத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். ப. ட. டா. ன. கொஞ்ச நேரம் நிறுத்தினான். அவன் மனதுக்குள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தான் என்று எங்களுக்குத் தெரியும். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"பட்டான்" என்றான்.

தாத்தாவுக்கு என்ன என்று புரியவில்லை. "செத்துப்போனார்னு எழுதியிருக்குங்க. மாட்டுக்காகச் சண்டை போட்டுச் செத்துப்போனார்" என்று ஐயா சொன்னார். தாத்தா துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். சண்டைக்குப் போனவர் என்று காலையிலேயே எங்களிடம் சொன்னார். ஆனால் அது கல்லிலும் இருக்கிறது என்பது அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. "நெசமாவா? எழுதியே இருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் மொரிசியஸ் தம்பியின் தலையில் கை வைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

ஊர்க்காரர்கள் எங்களை வெறும் வயிற்றோடு விடவில்லை. மறுபடியும் களி, கொள்ளுக் கடைசல். தெருவிளக்கின் கீழே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ரத்தான விருந்தைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. கிளம்பும்போது யாழ்ப்பாணத் தோழியின் பையில் அந்தப் பாட்டி ஒரு படி வேர்க்கடலையைக் கொட்டினார்.

வேனில் யாரும் தூங்கவில்லை. நாளைக்குப் பதினொரு பேரும் நான்கு நாடுகளுக்குப் போகிறோம். தினமும் காலையில் ஒருவர் தலைக்கு இன்னொருவர் எண்ணெய் வைத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே எழுத்துக்காக ஒரு மணி நேரம் சண்டை போட்டவர்கள். ஈப்போ ஜன்னலோரம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கிள்ளான் தான் சேர்த்து வைத்திருந்த தாள்களை எண்ணி, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். "வெறும் தாள்தான். வச்சிருங்க" என்றாள்.

இரவு பதினொன்றரை மணிக்கு ஐயாவிடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். பதினான்கு வாரமாகப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். ஏன் முன்பே காட்டவில்லை என்று கேட்டார். முதலில் நானே படிக்கக் கற்றுக்கொண்டு வர நினைத்தேன் ஐயா என்றேன்.

என் கொள்ளுப்பாட்டி 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கங்காணியோடு கித்தாத் தோட்டத்துக்கு, அதாவது ரப்பர் தோட்டத்துக்கு, வந்தார். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில்தான் வாழ்ந்தார், லயத்தில்தான் இறந்தார். புதைத்த இடம் இன்றைக்குச் செம்பனை (எண்ணெய்ப்பனை) காடு. எங்களிடம் இருப்பது இந்த ஒரு தாள் மட்டும். ஆங்கிலத்தில் மை தொட்டு எழுதியது. முதல் வரியில் சேலம் ஜில்லா என்று தெளிவாக இருக்கிறது. அதனால் எங்கள் குடும்பம் சேலத்துக்காரர்கள் என்றே சொல்லி வந்தோம். சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி தனியாகப் பிரிந்தது 1965 அக்டோபர் 2இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். இரண்டாவது வரியில் தருமபுரி தாலுகா என்று இருப்பதை அப்பாவே பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்தார். மூன்றாவது வரி ஊர்ப் பெயர். அதன்மேல் தண்ணீர் பட்டிருக்கிறது. கடல் தண்ணீரோ, மழையோ, தெரியாது.

ஐயா விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடித்தார். கல்லுக்குப் பிடித்த மாதிரியே. பேனா முள் அழுத்திய இடத்தில் தாள் சற்றுக் குழிந்திருக்கும், மை போனாலும் குழி இருக்கும் என்றார். இருவரும் குனிந்து பார்த்தோம். முன்பாதி ஒன்றும் இல்லை. வரியின் கடைசியில் மட்டும் ஐந்தாறு ஆங்கில எழுத்துகளின் தடம் எழுந்தது. ஐயா என்னைப் படிக்கச் சொன்னார்.

"அள்ளி" என்றேன்.

கன்னடத்தில் ஹள்ளி என்றால் ஊர். தருமபுரி வட்டாரத்தில் அள்ளி என்று முடியும் ஊர் எத்தனை என்று ஐயாவே கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பத்துப் பலகையாவது பார்க்கலாம். பதினான்கு வாரமாக அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் போய்வந்திருக்கிறேன். எத்தனையோ அள்ளிகளில் இறங்கித் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

"குறிப்பேட்டுல எழுதிக்கோ, தெலுக் இந்தான்" என்றார் ஐயா. "கல்லுக்கு எழுதற மாதிரியே எழுது. தெரிஞ்சத மட்டும். போனதுக்குப் புள்ளி வை."

திங்கள், விமான நிலையம்

மூன்று மணிக்கே ஆயா எழுந்து வாசலில் நின்றார். ஒரு தூக்குவாளி நிறைய நிப்பட்டு, ஒரு உருண்டை புதுப் புளி. சிரித்தார். வாயை மறைத்துக்கொள்ளவில்லை. போய் வருகிறேன் ஆயா என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டு ஒருவரைப் பார்த்துச் சொல்ல எனக்கு இனி அங்கே யாரும் இல்லை என்பது வேன் கிளம்பிய பிறகுதான் உறைத்தது.

கிருஷ்ணகிரி தாண்டும்போது சையத் பாஷா மலைக்குப் பின்னால் லேசாக வெளுத்தது. எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். என் விரல் நுனியில் இன்னும் கல்லின் எண்ணெய் வாசனை இருந்தது.

விமானம் ஏற இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

வரி 1: சேலம் ஜில்லா
வரி 2: தருமபுரி தாலுகா
வரி 3: . . . . . அள்ளி